வீட்டுத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களும், சில வருடங்களாகச் செடி வளர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தரையில் பாத்தி கட்டியவர்களுக்கும் தொட்டியில் வளர்ப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வித்தியாசம் உள்ள இடத்தில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

பத்துப் பதினைந்து தொட்டியோ ஒரு சின்னப் பாத்தியோ என்றால் அன்றாடம் கால் மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் தேவைப்படும். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது. வாரம் முழுக்க எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் மூன்று மணி நேரம் உழைத்தால் ஈடாகாது. அதற்குள் வெண்டைக்காய் முற்றியிருக்கும், ஒரு கொழுந்தில் இருந்த அசுவினிப் பூச்சி செடி முழுக்கப் பரவியிருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தில் முதல் ஐந்து நிமிடம் எந்த வேலையும் செய்யாமல் சும்மா சுற்றி வாருங்கள். கையில் பூவாளியும் வேண்டாம், கத்தரியும் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். மண்ணைத் தொட்டுப் பாருங்கள். நேற்று இல்லாதது இன்று என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். கவனிக்காமல் விட்டதால் செத்த செடிகளைவிட, பார்க்காமலே எதையாவது செய்ததால் செத்த செடிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கூடிப்போகும், உரம் கூடிப்போகும், மருந்து கூடிப்போகும். முதலில் பார்ப்பது, தேவை என்று தெரிந்தால் மட்டும் கை வைப்பது என்று பழகிக்கொண்டால் வேலையும் குறையும், செடியும் பிழைக்கும்.

முதல் தடவை எதை நடலாம்?

கீரையில் தொடங்குங்கள். வெதுவெதுப்பான பருவத்தில் தண்டுக்கீரை விதை நாலைந்து நாளில் முளைத்து, ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். குளிர் அதிகமான இடம் என்றால் லெட்யூஸ், முள்ளங்கி. கூடவே கொஞ்சம் பீன்ஸ், இரண்டு மிளகாய்ச் செடி, தனித் தொட்டியில் புதினா. இவ்வளவு போதும். புதினாவைப் பாத்தியில் நட வேண்டாம். அதன் தண்டு மண்ணுக்கடியில் ஓடி மற்ற செடிகளின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

விதை கிடைத்துவிட்டது என்பதற்காக வீட்டில் யாரும் விரும்பிச் சாப்பிடாத காயைப் போடாதீர்கள். பறிக்க மனம் வராது. பறிக்காத செடியின் பக்கம் போகவும் மனம் வராது.

எவ்வளவு வெயில் வேண்டும்?

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொடிக்காய்கள் எல்லாவற்றுக்கும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். கீரை மூன்று நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். வெளிச்சமான இடம் வேறு, வெயில் விழும் இடம் வேறு. காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு நாள் பார்த்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். சூரியன் போகும் பாதை மாறுவதால், வெயில் கொட்டிய மூலை நிழலாகியிருக்கலாம்.

தொட்டிக்கு என்ன மண்? எவ்வளவு பெரிய தொட்டி?

தரை மண்ணை அப்படியே அள்ளித் தொட்டியில் போட்டால் சில நாள் தண்ணீர் ஊற்றியதுமே இறுகிவிடும். மண், மக்கிய உரம், தேங்காய் நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலந்தால் பெரும்பாலான செடிகளுக்குச் சரியாக இருக்கும். நார்க்கழிவில் உப்பு இருக்கும் என்பதால் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி அலசிய பிறகு சேருங்கள். கலந்ததைக் கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். இரண்டும் நடந்தால் கலவை தயார்.

உலர்ந்த கலவையைக் கிளறும்போது முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசியில் நுரையீரலைப் பாதிக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும்.

தொட்டி அளவு: கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும். மிளகாய்க்கு 10 லிட்டர், தக்காளிக்கும் கத்தரிக்கும் 20 லிட்டர் பிடிக்கும் தொட்டி வேண்டும். சின்னத் தொட்டியில் வைத்த தக்காளி வெயில் நாளில் மாலைக்குள் வாடி நிற்கும். அதற்குத் தண்ணீர் ஊற்றியே நீங்கள் களைத்துவிடுவீர்கள்.

வடிகாலுக்காகத் தொட்டியின் அடியில் கல் போட வேண்டுமா?

வேண்டாம். நெருக்கமான மண்ணிலிருந்து பெரிய இடைவெளி உள்ள கல் அடுக்குக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்குக் கிடைக்கும் இடம் குறைவதுதான் மிச்சம். துளை வழியாக மண் போகாமலிருக்கச் சின்ன வலைத்துண்டு ஒன்று போதும்.

மொட்டை மாடி பாரம் தாங்குமா?

இதை அனுமானத்தில் முடிவு செய்யாதீர்கள். 20 லிட்டர் தொட்டி நனைந்த மண்ணோடு 25 கிலோவுக்கு மேல் போகலாம். சில தொட்டிகள் என்றால் சுவரும் உத்திரமும் உள்ள ஓரங்களில் வையுங்கள், நடுவில் குவிக்க வேண்டாம். நிறைய வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். தொட்டிகளைத் தாங்கியின் மேல் உயர்த்தி வைத்தால் தளம் காய்ந்து கிடக்கும், கசிவும் உடனே தெரியும்.

தண்ணீர் எப்போது, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

“தினமும் ஒரு வேளை” என்ற பதிலைத்தான் எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுவதுதான் பல செடிகளுக்கு எமன். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்று ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்றினால் மேல்மண் மட்டும் நனையும், வேரும் மேலேயே படரும். பிறகு ஒரு நாள் வெயிலுக்கே தாங்காது. ஆழமாக ஊற்றி, கொஞ்சம் காயவிட்டு, மறுபடி ஆழமாக ஊற்றினால் வேர் கீழே இறங்கும்.

தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் நல்ல வழி. நனைந்த தொட்டியின் கனமும் காய்ந்த தொட்டியின் கனமும் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். பிறகு விளிம்பை லேசாகச் சாய்த்தாலே தெரியும். மண் சட்டி பக்கவாட்டிலும் நீரை ஆவியாக்கும், அதனால் பிளாஸ்டிக் தொட்டியைவிடச் சீக்கிரம் காயும்.

நேரம் என்றால் காலைதான் நல்லது. வெயில் ஏறுவதற்குள் செடி குடித்துக்கொள்ளும், தெறித்த நீரும் இலையில் காய்ந்துவிடும். இரவு முழுக்க இலை நனைந்திருந்தால் பூஞ்சை நோய்க்கு வழி. நண்பகலில் செடி வாடித் தெரிந்தால் உடனே பூவாளியைத் தூக்காதீர்கள். பூசணி, பீர்க்கு போன்ற பெரிய இலைக் கொடிகள் உச்சி வெயிலில் இலையைத் தொங்கவிட்டு மாலையில் தானாக நிமிரும். மாலையிலும் நிமிராவிட்டால் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடியிருந்தால் பெரும்பாலும் வேர் அழுகல்தான். இன்னும் தண்ணீர் ஊற்றினால் அதோடு முடிந்தது.

உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் இலை கருகும் என்கிறார்களே?

இலையில் நிற்கும் துளி கண்ணாடி வில்லையாக மாறி இலையைச் சுட்டுவிடும் என்பது சாதாரணக் காய்கறிச் செடிகளுக்குப் பொருந்தாது. நீர் வீணாக ஆவியாகும் என்பதால்தான் அந்த நேரத்தைத் தவிர்க்கிறோம். செடி உண்மையிலேயே காய்ந்து தவித்தால் நண்பகலிலும் தாராளமாக ஊற்றலாம். வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் கொதிநீரை மட்டும் வேறு பக்கம் விட்டுவிடுங்கள்.

மூடாக்கு அவசியமா?

அவசியம். காய்ந்த இலை, வைக்கோல், வெட்டிய புல் எதுவானாலும் மண்ணின் மேல் 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். ஈரம் நிற்கும், களை குறையும், மழை அடிக்கும்போது மண் இலையில் தெறிக்காது. தண்டை ஒட்டிக் குவிக்காமல் இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும்.

விதை முளைப்பதில்லை. முளைத்தாலும் சாய்ந்து செத்துவிடுகிறது. ஏன்?

முளைக்காததற்கு ஆழமும் பழைய விதையும்தான் முக்கியக் காரணம். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். பொடி விதைகளைத் தூவி மேலே ஒரு சிட்டிகை மண் தூவினால் சரி. லெட்யூஸ் விதைக்கு வெளிச்சமும் வேண்டும், அதை மூடவே வேண்டாம். கொத்தமல்லி விதை ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு விதைகள் இருப்பதால் லேசாகத் தேய்த்து இரண்டாக்கிப் போடுங்கள். மிளகாய், கத்தரி விதைகள் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்றாக முளைக்கும். குளிரில் வாரக்கணக்கில் பேசாமல் கிடக்கும். பாக்கெட் பழசா என்று சந்தேகம் இருந்தால் பத்து விதையை ஈரத் தாளில் சுருட்டி வையுங்கள். எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு விதைக்கலாம்.

சாய்ந்து சாவது நாற்றழுகல். உற்றுப் பார்த்தால் மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக இளைத்து, நீர் கோத்து, அங்கேயே மடிந்திருப்பது தெரியும். மேலே இரண்டு இலையும் அப்போதும் பச்சையாகவே இருக்கும். மண்ணில் உள்ள பூஞ்சைகளின் வேலை இது. ஈரம் மிகுந்து காற்றோட்டம் இல்லாவிட்டால் ஒரே இரவில் நாற்றுத் தட்டு முழுக்கப் பரவும். விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது. அடர்த்தியைக் கலைத்துவிடுங்கள், மூடியை எடுத்துவிடுங்கள், தட்டின் அடியிலிருந்து நீர் உறிஞ்சும்படி வையுங்கள். நாற்று நீண்டு வெளிறி வளர்ந்தால் அது நோயல்ல, வெளிச்சம் போதவில்லை.

நாற்றை நிழலிலிருந்து நேரே வெயிலில் நடாதீர்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரம் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள்.

சமையலறைக் கழிவை உரமாக்கினால் நாறுகிறது. என்ன செய்வது?

காய்ந்த பொருள் போதவில்லை. ஒரு பங்கு காய்த்தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ சேர வேண்டும். மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு கரிமம் (கார்பன்) வேண்டும். காய்த்தோலில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிமம் அதிகம். இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் தழைச்சத்து கூடிவிட்டது. அழுகல் நாற்றம் வந்தால் காற்று போகவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: சருகைக் கொட்டிக் கிளறுங்கள். ஈரம் பிழிந்த துணி அளவுக்கு இருக்க வேண்டும். கையில் அழுத்தினால் ஓரிரு துளி கசியலாம், ஒழுகக் கூடாது.

வாரம் ஒரு முறை கிளறினால், வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று மாதத்தில் உரம் கிடைக்கும். இறைச்சி, எண்ணெய், பால் பொருள், நோய் வந்த செடி இவற்றை வீட்டு வாளியில் போட வேண்டாம். தடித்த, பழுப்பு நிறப் புழுக்கள் நெளிந்தால் பயந்து கொட்டிவிடாதீர்கள். அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. அந்த ஈ கடிக்காது, கொட்டாது.

உரம் தயாரா என்று மூக்கு சொல்லிவிடும். போட்டது இன்னதென்று அடையாளம் தெரியாமல் கருத்து, உதிரியாகி, முதல் மழையில் கிளம்பும் மண் வாசனை அடிக்க வேண்டும். அந்த வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்னும் பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். வாளியைத் திறந்ததும் அந்த வாசனை வரும் நாளுக்காகவே நான் உரம் போடுகிறேன் என்று சொன்னாலும் மிகையில்லை.

தொட்டியில் மண்புழு விடலாமா?

தேவையில்லை. சின்னத் தொட்டி வெயிலில் சூடாகும், புழு தங்காது. தரைப் பாத்தியில் மூடாக்கும் ஈரமும் இருந்தால் தானாக வரும். சார்லஸ் டார்வின் பல்லாண்டுகள் மண்புழுக்களைக் கவனித்து 1881இல் எழுதினார்: இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஒரு ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுக்களின் உடல் வழியாகப் போய் மேலே வருகிறது என்று. நீங்கள் கொத்திக் கிளறாமல் விட்டாலே அந்த வேலை நடக்கும்.

முட்டை ஓடு, காபித் தூள், வாழைப்பழத் தோல் போடலாமா?

மூன்றையும் உரவாளியில் போடுங்கள், நேரே செடிக்கடியில் வேண்டாம். முட்டை ஓடு மண்ணில் கரைய வருடக்கணக்கில் ஆகும். நைஸாகப் பொடித்தால் கொஞ்சம் சீக்கிரம். காபித் தூளைக் கனமாகப் பரப்பினால் ஓடு கட்டி நீரைத் தடுக்கும். வாழைப்பழத் தோலை ஊறவைத்த நீரில் பெரிதாக ஒன்றும் இறங்குவதில்லை, தோல் மக்கினால்தான் சத்து.

செடி கருகருவென்று செழிப்பாக இருக்கிறது, காய்ப்பதில்லை.

தழைச்சத்து அதிகம். உரத்தை நிறுத்துங்கள். தக்காளி பூத்து உதிர்ந்தால் வெப்பத்தையும் பாருங்கள். பகலில் 35 டிகிரியை நெருங்கி, இரவும் சூடாகவே இருந்தால் மகரந்தம் வீணாகிவிடும். நீங்கள் என்ன செய்தாலும் பூ உதிரும். வெப்பம் தணிந்ததும் தானே பிடிக்கும், அதுவரை செடியைப் பிழைக்க வைத்தால் போதும்.

பூசணி, சுரை பிஞ்சு விட்டு வெம்பி விழுகிறது. நோயா?

நோயில்லை, மகரந்தம் சேரவில்லை. இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் பூப்பவை பெரும்பாலும் ஆண் பூக்கள். “பூத்துக் கொட்டுகிறதே” என்று புதியவர்கள் கவலைப்படுவது இதைப் பார்த்துத்தான். ஒரு வாரம் இரண்டு வாரம் கழித்துப் பெண் பூ வரும். இதழுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. வண்டு வராத இடமாக இருந்தால் நீங்களே சேர்க்கலாம். அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

நேரம் முக்கியம். பூசணி விடியும்போது விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். சுரைக்கும் பீர்க்குக்கும் பூ மாலையில்தான் விரியும், அந்தியில் தடவ வேண்டும். ஒரு மாலை நாற்காலி போட்டுச் சுரைப்பூ விரிவதைப் பாருங்கள். கசங்கிய வெள்ளை இதழ்கள் கண்ணெதிரே பிரியும். இருட்டியதும் அந்துப்பூச்சிகள் வரும்.

தக்காளியிலும் கத்தரியிலும் ஒரே பூவில் இரண்டும் உண்டு. ஆனால் மகரந்தம் குழல்போல மூடிய பைக்குள் இருக்கிறது. கரிய தச்சுத் தேனீ வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வண்டு வராவிட்டால் காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள், அது போதும்.

தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது.

காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. மண்ணில் சத்து இருந்தும் இப்படி ஆகும், ஏனென்றால் அதைச் சுமந்து செல்வது தண்ணீர். ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று ஊற்றினால் அது தடைபடும். தண்ணீரைச் சீராக்கி மூடாக்குப் போடுங்கள். அடுத்த காய்கள் தேறும். கறுத்ததைப் பறித்துவிடலாம்.

பூச்சி வந்துவிட்டது. என்ன மருந்து அடிப்பது?

முதலில் என்ன பூச்சி என்று பாருங்கள். ரோஜா இலை ஓரத்தில் அளவெடுத்து நறுக்கியதுபோல அரைவட்டங்கள் இருந்தால் அது இலைவெட்டித் தேனீ. கூடு கட்ட இலை எடுத்துப் போயிருக்கிறது. பூக்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் அதுதான். அதற்கு மருந்து அடித்தால் நஷ்டம் நமக்கு. இலைக்குள் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து ஓடினால் இலைச்சுரங்கப் பூச்சி. அந்த இலைகளைக் கிள்ளினால் முடிந்தது. இலையில் ஊசி முனை அளவு வெளிறிய புள்ளிகளும் மெல்லிய நூலாம்படையும் தெரிந்தால் சிலந்திப்பேன். கீழே வெள்ளைத் தாளைப் பிடித்து இலையைத் தட்டினால் நகரும் புள்ளிகளாக விழும். வறண்ட வெப்பத்தில் பெருகும் இது, இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சினால் குறையும்.

அசுவினிதான் எல்லாத் தோட்டத்துக்கும் வரும். பெண் அசுவினிகள் இணை சேராமலே குட்டி போடும், குட்டிகள் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகும். அதனால்தான் தினமும் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு கொழுந்தில் இருக்கும்போதே விரலால் நசுக்கலாம், இல்லையென்றால் தண்ணீர் பீய்ச்சி உதிர்க்கலாம். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டுங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ விடும் தேன்துளிக்காக அவற்றை எறும்பு காவல் காக்கிறது. எறும்பு ஏறுவதைத் தடுத்தால் பொறிவண்டுகள் வந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பொறிவண்டின் குஞ்சுப் பருவத்தைத்தான் நிறையப் பேர் பூச்சி என்று நினைத்துக் கொன்றுவிடுகிறார்கள். சிவப்பு உருண்டையாக இருக்காது. நீளமாக, கறுப்பாக, செம்மஞ்சள் புள்ளிகளோடு, ஆறு காலில் விறுவிறுவென்று ஓடும். வண்டைவிட இதற்குப் பசி அதிகம். இன்னொன்றும் பாருங்கள்: அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் உப்பிப் பழுப்பாகி அசையாமல் ஒட்டியிருக்கும். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முதுகில் வட்டமாக ஒரு துளை. உள்ளே வளர்ந்த சின்னஞ்சிறு குளவி அதை வெட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறது. இதைக் கண்டால் மருந்தை மறந்துவிடலாம், வேலை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

வேப்பெண்ணெய் அடித்தும் பலனில்லையே? இலையும் கருகுகிறது.

எண்ணெய் தண்ணீரில் கலந்திருக்காது. ஒரு லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய் எடுத்து, முதலில் சில துளி சோப்புக் கரைசலோடு வெள்ளையாகும் வரை அடித்து, பிறகு தண்ணீர் சேர்த்துக் குலுக்குங்கள். வெயிலில் அதன் வீரியம் போய்விடும், இலையும் கருகும், மாலையில் அடியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், பூச்சி அங்கேதான் இருக்கிறது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். வாடிய செடிக்கு வேண்டாம், விரிந்த பூவின் மேல் வேண்டாம். முதலில் ஒரு இலையில் அடித்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

களையை எப்படிக் கட்டுப்படுத்துவது?

பூக்கும் முன் பிடுங்குங்கள், மழை பெய்த மறுநாள் பிடுங்குங்கள். ஈர மண்ணிலிருந்து வேரோடு வழுக்கிக்கொண்டு வரும்; அந்தச் சுகத்துக்காகவே சிலர் களை எடுக்க விரும்புவார்கள். கோரை மட்டும் வேறு மாதிரி. மேலே இழுத்தால் தாள் அறுந்து வரும், கீழே சங்கிலியாகக் கிழங்குகள் இருக்கும், ஒன்று விட்டால் மறுபடி கிளம்பும். களைக்கொத்தியால் தோண்டிக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதை உரக்குழியில் போடாதீர்கள்.

எப்போது பறிப்பது?

நினைப்பதைவிடச் சீக்கிரம். வெண்டை பூத்து ஐந்தாறு நாளில் பதம். நுனி ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் நார் விழுந்துவிட்டது. ஒரு காயை முற்றவிட்டால் செடி விதை தயாரிப்பில் இறங்கிவிடும், அடுத்த பூ குறையும். பீன்ஸ், வெள்ளரிக்கும் இதே கதை. தக்காளியை நிறம் திரும்பியதும் பறித்து உள்ளே பழுக்க வைக்கலாம், பறவையும் கொத்தாது. குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே அதன் மணம் குறைந்துபோகும்.

சுரைக்காய் கசக்கிறது. சமைக்கலாமா?

கூடாது. சுரை, வெள்ளரி, பீர்க்கு போன்றவை வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் குக்கர்பிட்டசின் என்னும் நச்சு கூடியிருக்கிறது. வேகவைத்தாலும் போகாது. கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். நறுக்கும்போது நுனித்துண்டை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறியுங்கள். பாகற்காயின் இயல்பான கசப்பு வேறு.

விதை எடுத்து வைக்கலாமா?

பீன்ஸில் தொடங்குங்கள். தன் மகரந்தத்திலேயே காய்ப்பது, காய் செடியிலேயே காயவிட்டால் விதை தயார். தக்காளி விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பு முளைப்பைத் தடுப்பது. சாற்றோடு இரண்டு மூன்று நாள் நுரைக்கவிட்டுக் கழுவி உலர்த்துங்கள். கலப்பின விதையில் வந்த காயிலிருந்து எடுத்தால் தாயைப் போலவே வராது. பூசணி வகைகள் பக்கத்துத் தோட்டத்து வகையோடும் கலந்துவிடும். நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப்புகாத புட்டியில் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். தக்காளி விதை நாலைந்து வருடம் தாங்கும், வெங்காய விதை ஓரிரு வருடம்தான்.

ஒரு வாரம் வெளியூர் போகிறேன். செடிகளை என்ன செய்ய?

எல்லாக் காயையும் பறித்துவிடுங்கள், பிஞ்சு உட்பட. தொட்டிகளை நிழலில் நெருக்கமாக வைத்து, நன்றாக நனைத்து, மூடாக்குப் போடுங்கள். பருத்தித் திரியின் ஒரு முனையை வாளி நீரிலும் மறுமுனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்தால் மெதுவாக நீர் ஏறும். போவதற்கு முன் இரண்டு நாள் சோதித்துப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போவதாக இருந்தால் “காய்ந்திருந்தால் மட்டும்” என்று அழுத்திச் சொல்லுங்கள். அன்பு மிகுதியில் தினமும் ஊற்றிவிடுவார்கள்.

தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் கொசு வருகிறதே?

முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். வாரம் இரு முறை தட்டைக் கவிழ்த்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைக்கும். தட்டே இல்லாமல் சமாளிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவு பாடுபட்டும் விலைக்கு வாங்குவதைவிடச் செலவு கூடத்தான் ஆகிறது. பிறகு எதற்கு?

முதல் வருடம் தொட்டிக்கும் மண்ணுக்கும் செலவாகும், உண்மைதான். கீரையும் மணச்செடிகளும் சீக்கிரம் ஈடுகட்டும். மற்றது அப்படி இப்படித்தான். ஆனால் பறித்த நிமிடமே வாயில் போடும் பச்சைப் பட்டாணிக்கு விலை இல்லை. பறித்த சில மணி நேரத்திலேயே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும் என்பதால் அந்த இனிப்பு தோட்டக்காரருக்கு மட்டுமே கிடைப்பது. தக்காளிப் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு வந்தால் விரலெல்லாம் பச்சைமஞ்சள் பிசுக்கும், எதோடும் சேராத அந்த வாசனையும் சோப்புப் போட்டாலும் போக மறுக்கும். எனக்கு அந்தக் கையோடு காபி குடிப்பது பிடிக்கும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் எலுமிச்சைச் செடியில் ஒரு கிளையைப் புழுக்களுக்கு விட்டுக்கொடுங்கள். வால்சிறகு வண்ணத்துப்பூச்சியின் புழு சின்னதாக இருக்கும்போது பறவை எச்சம் என்றே நினைப்பீர்கள். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டையாகச் சிவந்த கொம்பை நீட்டி, ஒரு நெடியைக் கிளப்பும். கொஞ்ச நேரத்தில் கொம்பு உள்ளே போய்விடும். இதை ஒரு முறை பார்த்த குழந்தை அடுத்த நாள் நீங்கள் கூப்பிடாமலே தோட்டத்துக்கு வரும்.

செடி செத்துவிட்டது. அதே இடத்தில் வேறு வைக்கலாமா?

உடனே தூக்கி எறியாமல் வேரோடு எடுத்து, கழுவிப் பாருங்கள். வேர் பழுப்பாகி, தோல் உருவிக்கொண்டு வந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. துளையையும் கலவையையும் சரிசெய்யுங்கள். வேரே அங்கங்கே வீங்கி முடிச்சுமுடிச்சாக இருந்தால் மண்ணில் வாழும், கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்களின் வேலை அது. பீன்ஸ், பட்டாணி வேரிலும் முடிச்சுகள் இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், நகத்தால் தட்டினால் கழன்று வரும், கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா அதற்குள் வேலை செய்கிறது என்று அர்த்தம். அந்த வேரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

நூற்புழு என்றால் அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, வெண்டை எதையும் அடுத்த பருவத்துக்கு வைக்காதீர்கள். துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டு, பூத்து முடிந்ததும் வெட்டி அங்கேயே மடக்கிப் போடலாம். தொட்டி மண் என்றால் மெல்லியதாகப் பரப்பி, நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளால் ஓரம் மூடி, கடும் வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிட்டுப் பிறகு மக்கிய உரம் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.